கொடுக்கலாம்

எழுதத் துணிந்தமைக்காக முதலில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருக்கிறேன். பிறர் எழுதியவற்றில் ஒற்று மிகுமா, மிகாதா என்று பார்த்ததைத் தவிர நானாக ஒரு பத்திகூட எழுதியதில்லை. அதிலும் மருத்துவர்களைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. இதில் வரும் மருத்துவர்கள் அனைவரும் மிகவும் கற்றவர்கள். என்னிடம் ஒருவரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அவர்களுள் எவருடைய மனமாவது புண்படுமானால் அந்தப் பிழை என்னுடையது, சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்கிறேன்.

என் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்துபவள். சிறுநீரகக் கல்லை அகற்றி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை மதியம், அவளுக்குக் குளிர் கண்டது.

"என்னங்க, அந்தப் போர்வைய எடுங்க. இன்னொண்ணும் எடுங்க" என்றாள். எடுத்துக்கொண்டு வந்தபோது அவளுடைய உதடு நீலமாக இருந்தது. "நீங்க மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. உங்களப் பாத்தாத்தான் எனக்கு பயமா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு பதினொரு நாள்கள் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை.

மாலைக்குள் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காம் எண் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. வெளியே இரும்பு நாற்காலிகள் போட்ட ஒரு கூடம் இருந்தது. ஒரு நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்திருந்தவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர்.

"உக்காருங்க சார். புதுசா? நாங்க நாலு நாளா இங்கதான். எங்கண்ணன் அஞ்சாம் நம்பர். உங்க வீட்ல?"

"நாலு."

"அப்போ பக்கத்து வீடு" என்றார்.

அவருடைய அண்ணன் குழாய் பழுது பார்ப்பவர். வேலை செய்யும்போது காலில் ஏதோ கிழித்து, அது புண்ணாகி, புண் காய்ச்சலாகி இங்கே வந்தவர்.

புதன்கிழமை காலை ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. முதல் வரியில் "வளர்ச்சி: மிகுதி" என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்று நாள்களாக நல்ல சொல் எதையும் பார்த்திராத என் கண்கள் கலங்கிவிட்டன. ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"சந்தோஷப்பட்டுராதீங்க சார். எங்கண்ணனுக்கும் இதேதான் போட்டிருந்துச்சு. நான் உடனே வீட்டுக்குப் போன் போட்டு, அண்ணன் தேறிட்டு வர்றாருன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க, வளர்றது அண்ணன் இல்லையாம், கிருமியாம்."

அறிக்கையின் கீழ்ப்பகுதியில் பதினைந்து மருந்துகளின் பெயர்கள் இருந்தன. பதினான்குக்கு நேராக "பலனில்லை" என்று இருந்தது. பதினைந்தாவதற்கு நேராக மட்டும் "பலன் உண்டு" என்று இருந்தது. ஓட்டுநர் தம் சட்டைப்பையிலிருந்து தம் அண்ணனுடைய அறிக்கையை எடுத்து அருகில் வைத்தார். இரண்டும் ஒரே மூலத்தின் இரு படிகள் போல இருந்தன.

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவர் என்னை அழைத்துப் பேசினார். அவர் உயரமானவர், பேசும்போது பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"பயப்படாதீங்க. இந்தப் பிரிவுல உயிர் எங்க பொறுப்பு. ரத்த அழுத்தத்துக்கு ஆள் இருக்கு, மூச்சுக்கு ஆள் இருக்கு, சிறுநீரகத்துக்கு ஆள் இருக்கு. கிருமி மட்டும் எங்களோடது இல்ல. அது தொற்றுநோய்த் துறை. உயிரும் கிருமியும் ஒரே உடம்புல இருக்கிறதுதான் கொஞ்சம் நிர்வாகச் சிக்கல்."

"தொற்றுநோய் மருத்துவரைக் கூப்பிட முடியுங்களா ஐயா?"

"கூப்பிடலாம்" என்றார்.

நான் காத்திருந்தேன். அவர் மூடியை மாட்டினார்.

"ஆனா பாருங்க, நாங்களா கூப்பிட்டா எங்களுக்குத் தெரியலைன்னு ஆகும். அவரா வந்தா வரம்பு மீறல்னு ஆகும். அதனால ஒரு முறை வச்சிருக்கோம். அவர் வந்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு நாங்க ஒரு கடிதம் போடுவோம். ஆட்சேபணை இல்லாததுக்கு நன்றின்னு அவர் ஒரு கடிதம் போடுவார். அதுக்கு அப்புறம் அவர் வரலாம். நேத்தே போட்டாச்சு. பதில் வந்துட்டிருக்கு."

தொற்றுநோய்த் துறை அதே கட்டடத்தில், அதே மாடியில், பதினெட்டு அடி தள்ளி இருந்தது. இடையில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குத் தொற்றுநோய் நிபுணர் வந்தார். மெலிந்த, நடுத்தர வயது மனிதர். மஞ்சள் கோட்டை மிதிக்காமல் நின்று, கண்ணாடிக் கதவு வழியாக என் மனைவியையும் அடுத்த படுக்கையையும் நெடுநேரம் பார்த்தார். அவர் எப்போதும் அங்கிருந்துதான் பார்ப்பாராம். அதனால் ஓட்டுநர் அவருக்குக் "கண்ணாடி டாக்டர்" என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் என்னிடம் கேட்டவை இருபது கேள்விகளாவது இருக்கும். கல்லை எங்கே எடுத்தார்கள், எத்தனை நாள் குழாய் வைத்திருந்தார்கள், போன வருடம் எதற்காவது மாத்திரை சாப்பிட்டாளா, சாப்பிட்டதை முடித்தாளா, பாதியில் நிறுத்தினாளா, கடையில் கண்ணாடிகளை எந்தத் தண்ணீரில் கழுவுவார்கள். ஒவ்வொரு பதிலையும் ஒரு சிறிய ஏட்டில் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை முதல் அந்த மாடியில் என் மனைவி ஓர் எண்ணாகவும் சில அளவுகளாகவும் இருந்தாள். அவளுக்கு ஒரு சென்ற வருடம் உண்டு என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான். இதை நன்றியுடன் பதிவு செய்ய விரும்புகிறேன்.

"சந்தேகமே இல்ல. பதினஞ்சாவது மருந்துதான். இன்னிக்கே போனா காப்பாத்திரலாம்" என்றார்.

"அப்படின்னா கொடுத்துடுவீங்களா ஐயா?"

"நானா?" என்றவர், யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். "இல்லைங்க. நான் கருத்துதான் சொல்வேன்."

பிறகு அந்த மருந்தைப் பற்றி விளக்கினார். பேசப் பேச அவர் முகத்தில் ஒரு தாயின் களை வந்தது.

"அது சாதாரண மருந்து இல்ல. அடிக்கடி கொடுத்தா கிருமி பழகிக்கும். அதனால பூட்டி வச்சுக் காப்பாத்திட்டு வர்றோம். ஏழு வருஷமா ஒருத்தருக்கும் கொடுத்ததில்ல. இந்த ஆஸ்பத்திரியில அது ஒரு தடவைகூடத் தோத்தது கிடையாது தெரியுமா?"

பெருமையாகச் சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே ஒருமுறை கேட்டவர்போல அவர் தரையைப் பார்த்தார்.

பச்சை நிறத் தாள்கள் இரண்டை எடுத்து, நான்காம் எண்ணுக்கு ஒன்றும் ஐந்தாம் எண்ணுக்கு ஒன்றும் எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது. மருந்தின் பெயர், அளவு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அதன் பிறகு ஒரே சொல்: "கொடுக்கலாம்."

பச்சைத் தாள் கருத்துரை. அதைப் பிரிவுத் தலைவர் வெள்ளைத் தாளில் எழுதினால் அது உத்தரவு. வெள்ளைத் தாள் படுக்கையின் கால்மாட்டில் அட்டையில் தொங்கும். தலைமைச் செவிலியர் அதைப் பார்த்துத்தான் மருந்தறைக்குச் சீட்டு அனுப்புவார். பிரிவுத் தலைவர் மாலைக்குள் வெள்ளைத் தாளில் எழுதிவிட்டார். ஓர் எழுத்தும் மாற்றாமல், அப்படியே: "கொடுக்கலாம்."

ஐந்து மணிக்கு உறவினர்களை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். மருந்து தொடங்கியாயிற்றா என்று தலைமைச் செவிலியரிடம் கேட்டேன். அவர் தாளை என் பக்கம் திருப்பினார்.

"படிங்க. கொடுக்கலாம்னு போட்டிருக்கு. கொடுக்கலாம்னா, கொடுக்காமலும் இருக்கலாம். இதுல நான் என்ன பண்ண?"

"கொடுக்கலாம்னா அனுமதிதானே சிஸ்டர்?"

"அனுமதி யாருக்கு? எனக்கா, மருந்தறைக்கா, மருந்துக்கா? எனக்கு முன்னாடி இருந்த சிஸ்டர் வேற ஒரு மருந்துக்கு இப்படி ஒரு 'லாம்' பாத்துட்டுக் கொடுத்தாங்க. யாரு கொடுக்கச் சொன்னதுன்னு விசாரணை வச்சாங்க. எல்லாரும் 'கொடுக்கலாம்னுதான் சொன்னோம், கொடுக்கச் சொல்லல'ன்னுட்டாங்க. இப்ப அவங்க கீழ் மாடியில படுக்கை விரிப்பு எண்ணிட்டிருக்காங்க. 'கொடுக்கவும்'னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வாங்க, ஓடிப்போய் நானே எடுத்துட்டு வரேன்."

அவர் கொடுமைக்காரர் அல்லர். இதைச் சொல்லும்போது என் மனைவியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் ஊதா நிறமாக மாறியிருந்தன. "அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தற மருந்து அப்படிப் பண்ணும். முதல்ல நுனிக்கு ரத்தம் போறது நின்னுரும்" என்று அவரே விளக்கினார்.

வியாழக்கிழமை காலை பிரிவுத் தலைவரைச் சந்தித்து, மிகுந்த தயக்கத்துடன் விண்ணப்பித்துக்கொண்டேன்.

"அவர் 'லாம்'னு எழுதியிருக்கார்" என்றார். "நான் 'வும்'னு எழுதினா அவர் சொல்லாததை நான் சொன்னதா ஆகும். கிருமி விஷயத்துல எனக்கு அதிகாரம் கிடையாது. சக மருத்துவர் கருத்தைத் திருத்தறது நாகரிகமும் இல்ல. அவரையே கேளுங்க."

பதினெட்டு அடி நடந்து அவரைக் கேட்டேன்.

"'வும்'னு எழுதினா அது கட்டளைங்க. ஆலோசகர் கட்டளை இடக்கூடாது, விதியில இருக்கு. ஒரு தடவை தெரியாம எழுதிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்தக் கதவுப்பக்கமே என்னைக் கூப்பிடல. அந்த ரெண்டு வருஷத்துல இங்க வந்தவங்க..." என்று நிறுத்திக்கொண்டார். ஏட்டை மூடிக்கொண்டு, "இப்ப கூப்பிடறாங்க. மதிச்சுக் கேக்கறாங்க. 'லாம்'னு இருந்தாலும் கேக்கறாங்களே" என்றார்.

என் நச்சரிப்பு தாங்காமல் இருவரும் பதினொரு மணிக்கு மஞ்சள் கோட்டின் இரு பக்கமும் நின்று பேசினார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நாங்க செஞ்சிடுவோம் டாக்டர்."

"நான் சொல்லிட்டேனே டாக்டர். முடிவு உங்களோடது."

"உங்க துறை, உங்க அனுபவம்."

"உங்க பிரிவு, உங்க நோயாளி."

"உங்க கருத்து மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னா, அதுல ஒரு புள்ளிகூட மாத்த மாட்டோம்."

"அந்த மரியாதைக்காகவே நான் அதுக்கு மேல ஒண்ணும் எழுத மாட்டேன்."

கைகுலுக்கிக்கொண்டார்கள். இருபது நிமிடங்கள் ஆகியிருந்தன. ஓட்டுநர் என் காதருகே குனிந்தார்.

"குறுகலான சந்துல ரெண்டு வண்டி எதிரெதிர நின்னுட்டு, 'நீங்க வாங்க, நீங்க வாங்க'ன்னு லைட் போடற மாதிரி இருக்கு சார். நடுவுல ஆம்புலன்ஸ் நிக்கிறது ரெண்டு பேருக்கும் தெரியல." பிறகு, "நீங்க படிச்சவரு. அந்த 'லாம்'மை எப்படியாச்சும் பேசி மாத்தி வாங்குங்க சார். ரெண்டு பேருக்கும் சேத்துக் கேளுங்க. நான் பேசினா சண்டைன்னு நெனைப்பாங்க" என்றார்.

பார்க்கலாம் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் விகுதி எனக்கு உறைத்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பச்சை மேலங்கி அணிந்து உள்ளே போனேன். ஓட்டுநர் தம் அண்ணியை அழைத்துவரக் காரை எடுத்துப் போயிருந்தார். ஐந்தாம் எண்ணைப் பார்க்க அப்போது வேறு ஆள் இல்லை. என் மனைவியின் விரல்கள் ஊதாவிலிருந்து கறுப்புக்குப் போயிருந்தன. எண்கள் காட்டும் திரையில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் எழுபதுக்குக் கீழே இறங்கி, ஒலி எழுப்பி, மீண்டும் ஏறியது. பொறுப்பிலிருந்த ஒரு செவிலியர் வந்து ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுப் போனார்.

கால்மாட்டில் அட்டை தொங்கியது. அதில் தேதி ஒன்று சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தது. அதைப்பற்றித் தலைமைச் செவிலியர் முதல் நாளே சொல்லியிருந்தார்: சிவப்பில் இருந்தால் பெரிய டாக்டர், அதாவது பிரிவுத் தலைவர், திருத்தியது என்று பொருள், வேறு எவரும் அந்த மையைத் தொடமாட்டார்கள்.

என் தொழிலில் சிவப்பைத் தவிர வேறு மை கிடையாது. மேலங்கிக்கு உள்ளே, சட்டைப்பையில் பேனா இருந்தது.

"கொடுக்கலாம்" என்பதற்கும் "கொடுக்கவும்" என்பதற்கும் இடையே இருப்பது ஓர் எழுத்து. "லா" இருக்கும் இடத்தில் "வு" இருந்தால் போதும். ஒரு நாளைக்கு இருநூறு முறை செய்யும் வேலை. ஆசிரியரின் கருத்தை மாற்றக்கூடாது, பிழையை மட்டுமே திருத்த வேண்டும் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் காத்த நெறியை நான் அறிவேன். "லா"வை ஒரு கோட்டால் அடித்து, மேலே "வு" என்று எழுதினேன். எவரும் திரும்பவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடங்கள் மீதியிருந்தன.

ஐந்தாம் எண் படுக்கையின் அட்டை கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தொங்கியது. அதே தேதி, அதே மருந்து, அதே சொல். பேனா கையில் திறந்தே இருந்தது. ஒரே மாதிரித் திருத்தம் இரண்டு இருந்தால் சந்தேகம் வரும், ஒன்றைப் பிடித்தால் மற்றதையும் பிடிப்பார்கள், இவளுக்கு வரும் மருந்தும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சற்று மிகை. பயந்தேன். மூடியைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, நேரம் முடிவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன்.

ஐந்தே முக்கால் மணிக்குத் தலைமைச் செவிலியர் வெள்ளைத் தாளைப் பார்த்தார். சொன்னபடியே ஓடினார். மருந்தறையின் பூட்டு ஏழு ஆண்டுகளில் இறுகிப் போயிருந்ததால் எண்ணெய் விட வேண்டியிருந்தது. செய்தி பரவி, பக்கத்துத் துறைகளிலிருந்து ஏழெட்டுப் பேர் பார்க்க வந்தார்கள். மருந்தாளுநர் பெட்டியின் தூசியைத் தம் கைக்குட்டையால் துடைத்து இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கண்ணாடி டாக்டர் மஞ்சள் கோட்டருகே வந்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. மகிழ்ச்சியா, பிரிவுத் துயரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஓட்டுநர் அண்ணியோடு திரும்பி வந்தபோது மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்கு ஆரம்பிச்சுட்டாங்களாமே சார்! எப்படி? யாரப் பாத்தீங்க? சொல்லுங்க, நானும் போய்ப் பாக்கறேன்."

"தெரியலைங்க. அவங்களே மாத்திட்டாங்க போல."

"அப்ப எங்களுக்கும் மாத்திருவாங்க" என்று அண்ணியிடம் சொன்னார். அந்த அம்மையார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று மாலை முழுவதும் அவர் ஒவ்வொரு கதவாகப் போய்க் கேட்டார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஐந்தாம் எண்ணின் தாளில் தெளிவாகக் "கொடுக்கலாம்" என்று எழுதியிருப்பதாகவும், கவலைப்பட வேண்டாம் என்றும் கூறினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவிக்குக் காய்ச்சல் இறங்கியது. பத்து மணிக்கு ஐந்தாம் எண் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்தார்கள்.

ஓட்டுநர் அண்ணனுடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்கு முன் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன்.

"உங்க வீட்ல எப்படி சார் இருக்காங்க?"

"கொஞ்சம் பரவாயில்ல."

"நல்லபடியாப் பாத்துக்குங்க. கெளம்பறேன் சார்."

வாயைத் திறந்தேன். அவர் போன பிறகும் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தேன் என்று துப்புரவுப் பணியாளர் பின்னர் கூறினார்.

மறுவாரம் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அறைக்கு என்னை அழைத்தார்கள். உள்ளே பிரிவுத் தலைவரும் நிபுணரும் அமர்ந்திருந்தார்கள். மேசைமேல் நான்காம் எண்ணின் வெள்ளைத் தாள் இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதற்கான ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலையுடன் மனத்தில் அமைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"உக்காருங்க" என்றார் கண்காணிப்பாளர். "ஏழு வருஷத்துல முதல் வெற்றி. டாக்டர் துணிஞ்சு 'வும்'னு எழுதியிருக்கார். பாராட்டுக் கூட்டம் வச்சிருக்கோம். குடும்பத்துச் சார்பா நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

பிரிவுத் தலைவர் தாளை உற்றுப் பார்த்து, தலையை மெல்ல அசைத்தார். "எழுதினது ஞாபகமே இல்ல சார். அவசரத்துல மனசு தானா செயல்பட்டிருக்கு. அனுபவம்னு சொல்றது இதைத்தான்."

நிபுணரும் அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தார். "திருத்தம் ரொம்ப முறையா இருக்கு" என்றார். நான் கட்டிக்கொண்டு போன வாக்கியத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

என் தொழிலை அறிந்த கண்காணிப்பாளர் ஓர் உதவியும் கேட்டார். இனிக் குழப்பம் நேரக்கூடாது என்பதற்காகக் குழு மூன்று மணி நேரம் கூடி, "கொடுக்கலாம்", "கொடுக்கவும்" ஆகிய இரண்டையுமே விலக்கிப் புதிய சொல்லாட்சி ஒன்றை ஏற்றிருந்தது. புதிய விதியேட்டின் மெய்ப்பை நான் பார்த்துத் தர வேண்டும். அதில் அந்தச் சொல்லாட்சி இவ்வாறு இருந்தது: "கொடுக்க தக்கதாகக் கருதப்படலாம்."

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். "கொடுக்க"வுக்குப் பின் ஒற்று மிகும். அங்கே "த்" விடுபட்டிருந்தது. சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். நன்றிக் கடிதம் வந்தது.

இழந்தவை பின்வருமாறு.

என் மனைவியின் இடது காலில் மூன்று விரல்கள், வலது காலில் ஒன்று.

மருந்தின் பக்கவிளைவாக, அவளுடைய வலது காதின் கேட்கும் திறன், ஏறக்குறைய முழுவதும்.

கருத்துரை எழுதப்பட்டதற்கும் முதல் மருந்து ஏறியதற்கும் இடையே இருபத்தேழு மணி நேரம்.

ஐந்தாம் எண் படுக்கையில் ஒருவர். வயது நாற்பத்தொன்று.